பதினோராவது துண்டு

கணினி நிரல் எழுதுவது எளிது. எழுதியவர் எதிரே உட்கார்ந்து அதில் தப்பு இருக்கிறது என்று சொல்வதுதான் தொழில். அந்த அவஸ்தையைப் பட்டவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

சிவப்புப் பேனா

எண்பதுகளின் கடைசியில், கெலுகோரில் ஒரு சின்ன ஆபீஸ். யார் நிரல் எழுதினாலும் அதை நீளத்தாளில் அச்சடித்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் குறை குறிக்க வேண்டும். அன்றைக்கு மாட்டியது சீனியர் பரமேஸ் அண்ணன் எழுதியது. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் படுக்கவைத்த உருளைத் தொட்டி ஒன்று. உள்ளே இருக்கும் செம்பனை எண்ணெயை மட்டம் மட்டமாகத் துண்டு போட்டுக் கூட்டி, அளவு சொல்ல வேண்டும். நிறைந்துவிட்டது என்று நிரல் சொன்னால்தான் பம்பு நிற்கும். திங்கள்கிழமை பம்பைத் திறக்கிறார்கள்.

நிரல் வரிகளின் ஓரத்தில் எழுதும் விளக்கக் குறிப்புகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அரை மணி நேரம் மிக ஆழமாக விவாதித்தோம். கூட்டல் வரியில் சந்தேகம் என்று மெதுவாகச் சொன்னேன். பரமேஸ் அண்ணன் நிமிராமலே சொன்னார்: "தம்பி, நீ இன்னும் புரொபேஷன்லதான் இருக்க. மொதல்ல கோடு நேரா இருக்கான்னு பாருலா."

ஜோடி இல்லாத துண்டு

அவருடைய சூத்திரம் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கூட்டும். பத்துத் துண்டு இருந்தவரை பிழைப்பு ஓடியது. இன்னும் துல்லியம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டதும், அண்ணன் தாராளமாகப் பதினொன்றாக்கினார். ஜோடி கிடைக்காத கடைசித் துண்டை, அதாவது மேல்மட்ட எண்ணெயை, நிரல் சத்தமில்லாமல் விட்டுவிடும். தொட்டி நிறைந்தாலும் இடம் இருக்கிறது என்று காட்டும்; பம்பு ஓடும்; எண்ணெய் வழியும். படம் போட்டே காட்டினேன். அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்தைவிடப் பதினொன்னு பெருசு. அப்புறம் எப்படி தம்பி கொறையும்?"

வைத்தியம்

மறுநாள் அவரே திருத்திக் கொண்டுவந்தார். சூத்திரத்தைத் தொடவில்லை, விடையை ஓர் எண்ணால் பெருக்கியிருந்தார். பாதித் தொட்டிக்குக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் உருளையில் விட்டுப்போகும் துண்டு நடுவில் அகலம், உச்சியில் குறுகல். முழுத் தொட்டிக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குப்படி, தொட்டி கொள்வதைவிட அதிக எண்ணெய் உள்ளே இருந்தது. அண்ணன் அசரவில்லை. "நல்லதுதானே, கஸ்டமர் சந்தோஷப்படுவாரு."

திங்கள்கிழமை

இதைக் கேட்ட எங்கள் தலைவி புவனா அக்கா, தாளை என் பக்கம் தள்ளினார். பெருக்கலை எடுத்தேன், துண்டுகளைப் பன்னிரண்டாக்கினேன், ஒற்றைப்படை எண் கொடுத்தால் நிரல் மறுக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். பாதிக்கும் பொருந்தியது, முழுசுக்கும் பொருந்தியது.

திங்கள்கிழமை நாங்கள் மூவரும் தொட்டிப் பக்கம் போய் நின்றோம். தொட்டி நிறைந்தது, பம்பு நின்றது, ஒரு சொட்டு வழியவில்லை. கிடங்கு மேலாளர் காதர் அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஒன்னுமே நடக்கலையே. இதுக்கா மூனு பேரு ஃபெர்ரி ஏறி வந்தீங்க?"

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது, விளக்கக் குறிப்புகளை நேர்கோட்டில் எழுதுகிறான் என்ற பரமேஸ் அண்ணனின் பரிந்துரையில்.