கோடு வந்தால்தான் கோளாறு

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் புகார் வாங்குகிறவனுக்கு லிஃப்ட்டைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கம் மனப்பாடமாக இருந்தால் போதும். தாம்பரம் ஆபீஸில் உட்கார்ந்து நான் போனில் ஒப்பிப்பது அந்தப் பக்கத்தைத்தான். ‘கோளாறு’ என்றால் என்ன, ‘கோடு’ என்றால் என்ன, ‘வருகை’ என்றால் என்ன என்று எல்லாவற்றுக்கும் அதில் பொருள் போட்டிருக்கும். நாம் பேசுகிற பொருள் மட்டும் இருக்காது. அடுக்குமாடியில் குடியிருக்கும் சக பாவிகளே, நீங்களும் இப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். படித்திருக்க மாட்டீர்கள்.

பதினேழாம் நம்பர்

லிஃப்ட்டில் ஏதாவது கெட்டால் கன்ட்ரோல் பெட்டியின் சின்னத் திரையில் ஓர் எண் வரும். அதுதான் கோடு, எரர் கோடு. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் அச்சிட்டிருக்கும் கோடு வந்தால்தான் அது கோளாறு; அப்போதுதான் இலவசமாகச் சரிசெய்வோம். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டார். திரையில் பதினேழு வருகிறதாம். பின்னிணைப்போ பதினாறோடு சரி. பதினேழு காட்டுகிற புது கன்ட்ரோல் போர்டை மாட்டியவர்கள் நாங்கள்தான். பின்னிணைப்பைத் திருத்தத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே அது கோடே இல்லை என்று விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இன்னா சார், பேஜாரா கீது! பதினாறுக்கு மேல எண்ணாதேன்னு லிஃப்டாண்ட முன்னாடியே சொல்லி வெச்சிருக்கக் கூடாதா?”

வருகை

‘வருகை’ என்றால் மெக்கானிக் வருவது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. புகார் பதிவானதாக உங்கள் போனுக்கு மெசேஜ் வருவதுதான் வருகை. மறைமலை நகரில் பெண்கள் ஹாஸ்டல் நடத்தும் ஓர் அக்கா, காலையில் புகார் கொடுத்தும் சாயங்காலம் வரை யாரும் வரவில்லை என்றார். காலையிலேயே வந்துவிட்டோமே அக்கா, மெசேஜைப் பாருங்கள் என்றேன். சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

“மெசேஜ் வந்துச்சு தம்பி. அதை மோட்டாருக்குள்ள போடணுமா, கதவுல ஒட்டணுமா, அதை மட்டும் சொல்லு.”

இருட்டுத் திரை

பொழிச்சலூரில் ஒரு குடியிருப்பின் நாலாவது மாடியில் இருப்பவர் வசந்தி டீச்சர். காலில் மாவுக்கட்டு. மறுநாள் காலை ஒரே மகளுக்குக் கல்யாணம். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் போர்டு கருகிவிட்டது. பதறிப்போய்க் கூப்பிட்டார். திரையில் என்ன நம்பர் வருகிறது என்று கேட்டேன். திரையே செத்துக் கிடக்கிறது என்றார்.

மேனேஜர் சேகரிடம் ஓடினேன். திரை இருட்டு என்றால் கோடு இல்லை, கோடு இல்லை என்றால் கோளாறும் இல்லை, தனி எஸ்டிமேட் போட்டு அசோசியேஷன் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கட்டும் என்றார். பிணத்துக்குக் காய்ச்சல் இல்லை, அதனால் நோயும் இல்லை என்கிற வைத்தியம்! “சார், நாளைக்குக் கல்யாணம் சார்!” என்று கத்தியே விட்டேன். மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் நானே போனேன். பட்டுப்புடவையோடு டீச்சரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்வீட்டு ரஹீம் பாயும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். படி திரும்புகிற இடத்தில் எல்லாம் டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எப்படியோ முகூர்த்தத்துக்கு முன்னால் காரில் ஏற்றிவிட்டோம். மூச்சு வாங்க சேகருக்குப் போன் போட்டு, ஆளைத் தூக்கித்தான் இறக்கினோம் என்றேன். கொஞ்சமாவது உறைக்கட்டும் என்றுதான். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

“சூப்பர்! பேஸஞ்சர் கீழ வந்துட்டாங்கல்ல? நம்ம அக்ரிமென்ட்ல அதுக்குப் பேருதான் ‘தீர்வு’. கம்ப்ளைன்ட்டை குளோஸ் பண்ணிடு.”

சாயங்காலம் டீச்சரை மறுபடி நாலாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான், அந்த ஒப்பந்தத்தில் ‘லிஃப்ட்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஏன் பொருள் போடவில்லை என்று எனக்கு விளங்கியது: அது ரஹீம் பாயும் நானும்தான்.