ஏலக்காய்த் தட்டில் நட்சத்திர மீன்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தை அமாவாசைக்கு மறுநாள். ராமேஸ்வரத்தில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், பாம்பன் கரையில் வலை உதறியவர்கள் ஒதுக்கிப்போட்ட இரண்டு நட்சத்திர மீன்களை எடுத்துக்கொண்டேன். உள்ளங்கையளவு, ஐந்து கைகளிலும் சிவப்புப் புடைப்புகள். "நாலு நாள் வெயில்ல போடுங்க, கல்லாயிரும்" என்றார் ஒரு மீனவப் பெண்.

நாலு நாள் காத்திருக்க நேரமில்லை. கோம்பையில் வீட்டுக்குக்கூடப் போகாமல், போடிமெட்டுக்கு மேலே இருக்கும் அக்கா வீட்டுக்காரரின் ஏலத்தோட்டத்துக்கு ஏறினேன். அன்றுதான் அந்தப் பருவத்தின் கடைசிக் காய் எடுப்பு. மழை ஏமாற்றிய வருஷம். இந்த எடுப்பில் மட்டும் காய் பச்சையும் பருமனுமாக வந்திருந்தது. போடியில் மாமாவிடம் வழக்கமாக வாங்கும் வியாபாரி இதற்காகக் காத்திருந்தார்.

மாலை ஐந்தரைக்கு, ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் சூட்டறையில், தட்டுகளை அடுக்கினோம். வெளியே மூடுபனி. நட்சத்திர மீனின் உடம்பு பெரும்பாலும் சுண்ணாம்புத் தகடுகள் என்று படித்திருந்தேன். சுண்ணாம்பு நாறாது என்று முடிவுசெய்து, யாரிடமும் சொல்லாமல் அடித்தட்டின் மூலையில் இரண்டையும் வைத்தேன். ஒவ்வொரு கைக்குள்ளும் செரிமானச் சுரப்பிகள் இருப்பது அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்குக் கதவைத் திறந்ததும், காய் பொறுக்க வந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "ஏய்யா, உள்ள கருவாட்டையா காயப் போட்டீக?"

நான் மூலையைக் காட்டினேன்.

"மாப்ள, இம்புட்டுப் புத்தகம் படிச்சதுக்கு, கருவாட்டுக்கடைப் பக்கம் ஒருநா போயிருக்கலாம்ல?" என்றார் மாமா.

விசிறி சூட்டை எல்லாத் தட்டுக்கும் சுழற்றியிருந்தது. எல்லாமே நாறின. முந்தைய எடுப்போடு கலந்து அனுப்பிவிடலாம் என்றாள் அக்கா.

"யாவாரி என் மூட்டையப் பிரிச்சுக்கூடப் பாக்காம எடுக்குறாக. அதுல போயி இதக் கலக்கவா?" என்றார் மாமா.

பன்னிரண்டு நாள் சாக்கில் பரப்பி ஆறவிட்டோம். பிறகு வியாபாரியை வரச்சொல்லி, மாமாவே நடந்ததைச் சொன்னார். அவர் சிரித்தார். ஒரு காயை உரித்து வாயில் போட்டு மென்றார்.

"மீன் வாசம் போயிருச்சுண்ணே" என்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். "ஏலக்கா வாசமும் போயிருச்சு."

உண்மையைச் சொன்னதற்கு மாமாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, காயை எடுக்காமல் போனார்.

ஆவணியில் அடுத்த பருவத்தின் முதல் எடுப்பு. போடிக்கு மூட்டைகளோடு நானும் போயிருந்தேன். வியாபாரி தேநீர் வரவழைத்தார், அக்காவை விசாரித்தார். பிறகு முதல் மூட்டையின் தையலைத் தானே பிரித்து, ஒரு கை அள்ளி முகர்ந்தார். மாமா தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார்.