சட்டைப்பையில் போன சாவி

கந்தப்பளையில் நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ நடத்தினோம். கூடப் பிறந்தவர் இல்லை. பத்து வருடம் ஒரே பிளேன்டீயைப் பங்கு போட்டுக் குடித்தவர். படம் எடுப்பது அவர், அதை ஆல்பமாகக் கோப்பது நான்.

ஆல்பம் செய்யும் சாப்ட்வேருக்கு ஒரு சாவி உண்டு. பார்க்க பென் டிரைவ் மாதிரியே கறுப்பாக இருக்கும். கம்ப்யூட்டரில் அது செருகியிருந்தால்தான் சாப்ட்வேர் திறக்கும். யாரும் திருட்டுப் பிரதி எடுத்துவிடக் கூடாதென்று கம்பெனிக்காரன் செய்த ஏற்பாடு. டவுனில் பாதிப் பேர் திருட்டுப் பிரதியில்தான் காலம் ஓட்டினார்கள். நாமும் அப்படியே செய்யலாமே என்றேன்.

"நம்ம படத்த ஒருத்தன் திருடுனா நமக்கு எப்படி இருக்கும்?" என்றார் அண்ணன். பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அவரிடம் இன்னொரு கறுப்புக் குச்சியும் இருந்தது. கோயில் திருவிழாவில் அவர் பாடியதைப் பதிந்த பென் டிரைவ். காலையில் கடை திறந்ததும் அது பாட வேண்டும். செருகினாலே பாடும்படி செய்து வைத்திருந்தார். சாவியும் பாட்டும் ஒரே மேசை லாச்சியில் கிடக்கும்.

ஒரு நாள் நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் பக்கம் சவப்பெட்டியை மூடும் முன், இறந்தவர் ஆசையாக வைத்திருந்ததை உள்ளே வைப்போம். அவருடைய மனைவி மூக்குக் கண்ணாடியை வைத்தார். நான் கடைக்கு ஓடி, லாச்சியில் கைவிட்டு, பாட்டை எடுத்துவந்து அவர் சட்டைப்பையில் வைத்தேன். பார்த்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் கடையைத் திறந்து, சாவியென்று நினைத்து மற்றதைச் செருகினேன். அண்ணன் பாட ஆரம்பித்தார். பாட்டுக்கு நடுவில் வழக்கமான அந்த இருமல். அப்படியானால் அவர் சட்டைப்பையில் மண்ணுக்குள் போனது சாவி.

யாரிடமும் சொல்லவில்லை. சாவியை விற்ற கொழும்புக் கடை எப்போதோ மூடிவிட்டது. வெட்கத்தை விட்டுத் திருட்டுப் பிரதி ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். எந்தச் சாவியில் செய்த ஆல்பமோ, அந்தச் சாவிக்குத்தான் திறக்குமாம்.

பிறகு ஒரு அம்மா வந்தார். மேல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அவர் மகள் வயசுக்கு வந்த சடங்குக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம். மறு வருடமே அந்தப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. இப்போது லயத்து வீட்டில் தீப்பிடித்து, ஆல்பமும் போனும் எரிந்துவிட்டன.

"ஒரே ஒரு படம் போதும் தம்பி. மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்கு."

அந்தப் பிள்ளையின் படங்கள் ஆல்பக் கோப்புக்குள் மட்டும்தான் இருந்தன. கேமரா கார்டுகளை அழித்து அழித்துப் பயன்படுத்துகிற கடை எங்களுடையது. "அடுத்த ஞாயிறு வாங்கம்மா" என்றேன். வந்தார். கரண்ட் இல்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறு பிரிண்டர் பழுது என்றேன். ஒவ்வொரு முறையும் அவர் போன பிறகு கடைக்குள் அண்ணனின் இருமல் கேட்டது. பென் டிரைவைச் செருகாமலே கேட்டது.

ஐந்தாவது ஞாயிறு தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணனின் குழியைத் தோண்டச் சொல்வாரோ என்று பயந்தேன். நானே பல தடவை அதை நினைத்துப் பார்த்தவன்தான். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எம்புள்ள அவருகிட்டதான் இருக்குதுங்களா?"

படங்கள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, அங்கே கிடப்பது சாவி மட்டும்தான் என்று விளக்கியிருக்க வேண்டும். "ஆமாம்மா" என்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து அவர் மயானத்துக்குப் போகிறார். அண்ணனின் குழிமேட்டில் பூ வைத்து, மகளோடு பேசிவிட்டு வருகிறார். வரும் வழியில் கடையை எட்டிப் பார்த்து, "புள்ள நல்லா இருக்கு தம்பி" என்கிறார். நான் தலையாட்டுகிறேன். அவளுடைய முகம் என் முதுகுக்குப் பின்னால், கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.