எல்லாம் இரண்டு வைத்திருக்கும் அண்ணி

எங்கள் அண்ணிக்கு எல்லாமே இரண்டு வேண்டும். இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு அலாரம். ஒரு அலாரம் கரண்டில் ஓடும், இன்னொன்று பேட்டரியில். கரண்ட் போனாலும் பேட்டரி தீர்ந்தாலும் எங்கள் வீட்டில் அஞ்சரை மணி அடித்தே தீரும். வீட்டுச் சாவி ஒன்று அண்ணியின் பையில் இருக்கும், இன்னொன்று எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம்.

"புருஷன் மட்டும்தான் ஒண்ணு வச்சிருக்கா. அதுக்கும் ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பா, எனக்குத்தான் தெரியல" என்பான் அண்ணன்.

நான் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை ஃபெயிலானபோது வீடே திட்டியது. அண்ணி மட்டும், "ஒரு காப்பி தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு எழுதியிருக்கா" என்றார். அன்றைக்கே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிடித்தவர்களிடம்தான் நான் வாலாட்டுவேன். வந்த வினை அது.

அண்ணிக்கு ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. யாராவது போன் செய்தால் அங்கே விலாசத்தை டைப் செய்வார்கள். அது சர்வருக்குப் போய், அங்கிருந்து டிரைவருக்குப் போகும். போன மாதம் அங்கிருந்த ஒரே சர்வர் நாற்பது நிமிஷம் படுத்துவிட்டது. காகிதத்தில் எழுதி எழுதிச் சமாளித்தார்கள். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்று அண்ணி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு இப்போதுதான் மேனேஜர் இறங்கி வந்தார்.

"ரெண்டு பெட்டி வாங்கித் தர்றேன். ஓடிக்கிட்டிருக்கற பெட்டியோட நெட்வொர்க் ஒயரை நானே பிடுங்குவேன். முப்பது செகண்டுக்கு மேல வேலை நின்னுச்சுன்னா எல்லாத்தையும் வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

ஆபீஸில் சர்வர் அறையின் கூரை ஒழுகி, ஆட்கள் பூசிக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்த இரண்டு பெட்டிகளும் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன. நாலு நாள் நாங்கள் கட்டில்மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

அண்ணி திறந்து வைத்த திரை முழுக்கக் கருப்பு. அதில் வெள்ளை எழுத்து. படம் கிடையாது, பட்டன் கிடையாது.

"மவுஸ் எங்க அண்ணி?"

"வாய் இருக்கறப்போ யாராவது கையால ஜாடை காட்டுவாங்களா? வரி வரியா அடிச்சுச் சொன்னாக் கேட்டுக்கும்."

முதலில் ஒரு பெட்டிக்கு இன்னொன்றின் பேரையும் விலாசத்தையும் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஒரு வரி அடித்து இரண்டையும் ஒரே குடும்பமாகக் கட்டினார். அதுதான் கிளஸ்டராம். உள்ளே வைத்த பேரையே ஸ்டிக்கரில் அச்சடித்து வெளியேயும் ஒட்டினார்: ஒன்று 'அக்கா', ஒன்று 'தங்கச்சி'. அக்கா வேலை பார்ப்பாள். தங்கச்சி காத்திருப்பாள். ஒவ்வொரு நொடியும் "இருக்கியா?" "இருக்கேன்" என்று இருவரும் கேட்டுக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் மற்றவள் பொறுப்பை எடுத்துக்கொள்வாள்.

"பதில் வரலன்னா செத்தாப் போயிட்டா? கோவிச்சுக்கிட்டுக்கூட இருக்கலாம்ல?" என்றேன்.

"அங்கதான் விவகாரமே. அவ சாகாம, பேசற நெட்வொர்க் ஒயர் மட்டும் கழண்டு கிடந்தா? ரெண்டு பேரும் 'நான்தான் பொறுப்பு'ன்னு ஒரே நோட்டுல ஆளுக்கொண்ணு எழுதிடுவாங்க. ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்குப் போறது? அதனால பொறுப்பெடுக்கறதுக்கு முன்னாடி மத்தவளோட கரண்டை நிறுத்திடணும்."

"அடப்பாவி, சொந்த அக்காவையா?"

"சும்மா தூங்கத்தான் வைக்கறா."

அதற்கென்று சொன்ன பேச்சைக் கேட்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. முதல் பிளக் பாயின்ட் அக்காவுக்கு, இரண்டாவது தங்கச்சிக்கு. "முதலாவதை நிறுத்து" என்று ஒரு பெட்டி கட்டளை அனுப்பினால் அது நிறுத்திவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. அண்ணி பன்னிரண்டு தடவை ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். பன்னிரண்டு தடவையும் பத்து செகண்டுக்குள் மற்றவள் எடுத்துக்கொண்டாள். அண்ணி குளிக்கப் போனார். எனக்கு வேலை இல்லை. கை சும்மா இருக்குமா? இரண்டு ஸ்டிக்கரையும் நகத்தால் நெம்பி மாற்றி ஒட்டினேன். மறுநாள் அண்ணி இங்கே ஒன்று அடிக்க, விளக்கு அங்கே எரிய, அவர் தலையைச் சொறிவதைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்க்கலாம் என்பது திட்டம்.

டெஸ்ட் புதன்கிழமை என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் திங்கட்கிழமை இரண்டு அலாரத்தையும் நிறுத்திவிட்டுத் திரும்பப் படுத்த நான் ஒன்பதரைக்கு எழுந்து வந்தால், மேஜையில் பெட்டிகள் இல்லை. அண்ணன் அங்கே உட்கார்ந்து ராஜா மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பெட்டி எங்க?"

"ஆபீஸ்ல. கூரை வேலை முடிஞ்சுடுச்சுன்னு மேனேஜர் காலைல போன் பண்ணி, இன்னிக்கே பதினோரு மணிக்கு டெஸ்டுன்னுட்டாரு."

"அங்க போய் மறுபடி பிடுங்கிப் பாப்பாங்கல்ல?"

"எங்க நேரம்? ஸ்டிக்கரைப் பாத்து ஒயரைச் சொருகி ஸ்டார்ட் பண்ணவே சரியா இருக்கும்னா."

கணக்கில் நான் எப்போதும் முட்டை. ஆனால் இந்தக் கணக்கு நின்ற இடத்திலேயே வந்துவிட்டது. ஸ்டிக்கர் மாறியதால் பிளக்கும் மாறியிருக்கும். அக்கா விழுந்ததும் தங்கச்சி "முதல் பிளக்கை நிறுத்து" என்பாள். இப்போது அந்த முதல் பிளக்கில் இருப்பது தங்கச்சியேதான். தன் கரண்டைத் தானே நிறுத்திக்கொண்டு அவளும் படுத்துவிடுவாள். முப்பது செகண்ட் என்ன, முப்பது நிமிஷம் ஆனாலும் எழுந்திருக்க ஆள் இருக்காது. அண்ணி வேற எடம் பார்க்க வேண்டியதுதான்.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவது போனுக்குப் போட்டேன். அது எங்கள் சமையலறை அலமாரியிலேயே பாடியது. 'ரெண்டு போனும் ஒரே பையில இருந்தா ரெண்டும் ஒண்ணாத் தொலையும்' என்று அண்ணி ஒன்றை எப்போதும் வீட்டில்தான் வைப்பார்.

"என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று அண்ணன் கேட்பதற்குள் நான் தெருமுனையில் இருந்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியபோது பத்து ஐம்பத்து மூன்று. வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"அண்ணியை!"

"எந்த அண்ணியை?"

"எல்லாத்தையும் ரெண்டு வச்சிருக்கறவங்களை!"

"அட அவங்களா, ரெண்டாவது மாடி போ" என்று சிரித்தார்.

சர்வர் அறை ஐஸ் பெட்டி மாதிரி குளிர்ந்தது. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வெளிக் கம்பெனிக்காரர், டை கட்டி, ஃபைலைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. அண்ணி கீபோர்டின் முன்னால்.

"இது யாரு?" என்றார் மேனேஜர்.

"எங்க வீட்டு வைரஸ் சார். ஒரு நிமிஷம்."

நான் அண்ணியின் காதில் சொன்னேன். அவர் விரல்கள் கீபோர்டின்மேல் அப்படியே நின்றன.

"எப்போ?"

"நேத்து."

"நான் டெஸ்ட் பண்ணதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"ரெண்டையும்தானே மாத்தின?"

"ரெண்டையும்தான்."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அண்ணி ஒயர் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவின் பிளக் இனி இரண்டாவது என்று ஒரு வரி. தங்கச்சியின் பிளக் இனி முதலாவது என்று ஒரு வரி. நிலவரம் கேட்டு இன்னொரு வரி.

"என்னம்மா நடக்குது?"

"ஒரு சின்னத் தப்பைத் திருத்தினேன் சார். இப்போ பிடுங்கலாம்."

மேனேஜர் மினுமினுவென்று ஓடிக்கொண்டிருந்த பெட்டியிடம் போய், பல்லைப் பிடுங்குவதுபோல் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 'டக்' என்றது. ஏதோ ஒரு பெட்டியின் ஃபேன் இரைச்சல் இறங்கி நின்றது. எது என்று பார்க்கத் தைரியம் இல்லாமல் அண்ணியின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டில் மெல்லக் கண்ணைத் தூக்கினேன். பிடுங்கிய பெட்டி இருட்டு. மற்றதில் விளக்குகள் தடதடவென்று ஓடின.

பக்கத்து அறையில் போன் எடுக்கும் பெண்ணின் குரல் நிற்கவே இல்லை. "பதறாதீங்க, விலாசம் சொல்லுங்க. ஆங், வண்டி கிளம்பிடுச்சு."

அவர் போனை வைத்ததும், "ஏதாவது நின்னுச்சா?" என்று மேனேஜர் கத்தினார்.

"என்ன சார், இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?"

வெளிக் கம்பெனிக்காரர் ஃபைலை மூடினார். மேனேஜர் "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டாம். "நீங்களே பாத்துக்கங்க. ஆனா அடுத்து மூணாவது பெட்டி கேட்டு வந்துடாதீங்க."

"லெட்டர் ரெடியா இருக்கு சார். ரெண்டு காப்பி."

சாயங்காலம் வரை என்னை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். "நகராதே, எதையும் தொடாதே." திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"பேசாம இருந்திருக்கலாமே. யாரு பண்ணதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"வேலை போனா நீங்க நாள் முழுக்க வீட்டுல இருப்பீங்க. யாரு தாங்குறது?"

அண்ணி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

இறங்கி நடந்தால் பழக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் வந்த இரண்டு பொடிசுகள் சிரித்தன. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டே சிரித்தார். அண்ணன் கதவைத் திறந்து என்னைத் திருப்பி நிறுத்தினான்.

"முதுகுல என்னடி ஒட்டியிருக்கு?"

பிய்த்துப் பார்த்தேன். 'தங்கச்சி'. அண்ணி ஸ்டிக்கரையும் இரண்டு இரண்டாகத்தான் அச்சடித்திருந்தார்.

அது இப்போது என் அலமாரிக் கதவின் உட்பக்கம் இருக்கிறது. யாராவது கேட்டால், பசை ரொம்பக் கெட்டி, வர மாட்டேங்குது என்று சொல்லிவிடுவேன்.