ஏழாவது கேள்வி

நம் ஆட்கள் ஒரு பர்த்டே பார்ட்டியில் புதியவர் யாரையாவது பார்த்தால் முதல் ஐந்து நிமிடத்தில் என்னென்ன கேட்பார்களோ, அதையெல்லாம் வரிசையாக எழுதி மேலே ‘கேட்கக்கூடாது’ என்று தலைப்புப் போட்டால், அதுதான் என் பிழைப்பு. எந்த ஊர், என்ன வயசு, கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளைகள், கோயிலா சர்ச்சா, போன கம்பெனியில் என்ன சம்பளம். நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஹெச்.ஆரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இன்டர்வியூ எடுக்கப்போகும் மேனேஜர்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை வகுப்பெடுக்க வேண்டும். இந்தக் கேள்விகளில் சிலதைச் சட்டமே கேட்கவிடாது. சிலதைக் கேட்டுவிட்டு அந்த ஆளுக்கு வேலை கொடுக்காமல் விட்டால் கேஸ் வந்து நிற்கும். அந்த நுணுக்கமெல்லாம் அவர்களுக்கு எதற்கு? வாயைத் திறக்காதீர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன்.

சனிக்கிழமைகளில் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக் லைப்ரரியில் ஒரு சின்ன அறையை இரண்டு மணி நேரத்துக்குப் பதிவு செய்துகொள்வேன். வேலை பார்க்க விசா இல்லாமலோ பிள்ளை வளர்த்தோ பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் நம் பெண்களுக்கு அங்கே மாதிரி இன்டர்வியூ. கேட்கக்கூடாத கேள்விகள் பன்னிரண்டையும் வேண்டுமென்றே கேட்பேன். விவரம் கெட்ட மேனேஜர் எவனாவது கேட்டுத் தொலைத்தால் நழுவத் தெரிய வேண்டுமே. நம் பெண்களோ கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். ருக்மிணி என்று ஒருவரிடம் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். அவர் போடும் பிரஷர் மாத்திரை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைதான் ஜெயகுமாரி அக்கா வந்தார். ஐம்பத்திரண்டு வயது. நாகர்கோவில்காரர், கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. கணவர் ஜெபதாஸ் அண்ணனோடு இங்கே வந்து, கிரீன் கார்டு கிடைத்த மறு மாதமே ஒரு மருந்துப் பரிசோதனை லேபில் சேர்ந்து எட்டு வருடம் வேலை பார்த்தார். சர்ச்சில் தெரிந்தவர் சொல்லிக் கிடைத்த வேலை, அதனால் அப்போது ரெஸ்யூமே என்று ஒன்றை யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை. அவருக்கு ஒரே மகன், ஆட்ரியன். உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்துகொண்டே போகிற நோய் அவனுக்கு. பத்து வயதில் நடை நின்றது. அக்கா அன்றோடு வேலையை விட்டார். ஒன்பது வருடம் அவனைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, பாடம் படிக்கவைத்துப் பார்த்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு, பத்தொன்பது வயதில் ஆட்ரியன் போய்விட்டான்.

அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவர்கள் வீடு. ஒரு வாரம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பிறகு யாரும் அவன் பெயரை எடுக்கவில்லை. வீட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கூசாமல் கேட்கிறவர்கள், கல்யாணமாகி ஆறே மாதமான பெண்ணிடம் விசேஷம் உண்டா என்று கேட்கிறவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் படித்தவர்கள் ஆகிவிட்டார்கள். நானும்தான். இந்தியன் கடையில் அக்கா கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் ஃப்ரீஸர் பக்கம் போய் நின்றிருக்கிறேன். கேட்டால் அழுதுவிடுவாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

வேலை வேண்டும் என்பதில் அக்காவுக்குக் குழப்பமே இல்லை. ஜெபதாஸ் அண்ணன் காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். நடுவில் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

“ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா அவனைத் திருப்பிப் படுக்க வைக்கணும், அஞ்சனா. இல்லைன்னா முதுகு புண்ணாயிரும். இப்பவும் அந்நேரம் ஆனா எழும்பிருவேன். எழும்பிட்டு, எங்க போகதுன்னு தெரியாம ஹாலுக்குள்ளயே நிப்பேன். லேப்னா டைமர் அடிக்கும்லா, அடிச்சா செய்ய ஒரு வேலை இருக்கும்லா.”

அவர் கொண்டுவந்த ரெஸ்யூமேயைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்ணூறுகளில் நாகர்கோவிலில் முதல் வேலைக்குக் கொடுத்த பயோடேட்டாவின் அதே அச்சு. மூலையில் போட்டோ. அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமானவர். கடைசி வரி: பிள்ளைகள், ஒரு மகன். சிவப்புப் பேனாவைக் கையில் கொடுத்து, வேண்டாததை எல்லாம் அடிக்கச் சொன்னேன். போட்டோவை அடித்தார். அப்பாவை அடித்தார். மதத்தையும் தயங்காமல் அடித்தார். கடைசி வரியில் பேனா நின்றது.

“இது இருந்துட்டுப் போகட்டுமே.”

“அக்கா, ரெஸ்யூமேல பசங்களைப் பத்தி எழுதவே கூடாது. பாக்குறவங்களுக்கே சங்கடம்.”

“ஒரு வரிதானே.”

நான் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். வேலை கிடைத்தால் சரி என்ற அவசரம் எனக்கு.

பிறகு இன்டர்வியூ. வழக்கம்போல் பட்டியலைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தேன். ஏழாவது கேள்வி, உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா. வாய் கேட்டு முடித்த பிறகுதான் எதிரே இருப்பது யார் என்று உறைத்தது. நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

அக்கா அழவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஒரு மகன். ஆட்ரியன். அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு, கேட்டியா. வண்டில போகும்போது வேற ஸ்டேட் நம்பர் பிளேட்டைப் பாத்தா நோட்டுல எழுதி வைப்பான். டர்ன்பைக் ஹைவேல போனா எனக்கு ரோட்டைப் பாக்க விடமாட்டான், ‘மாம், லெஃப்ட், லெஃப்ட், மொன்டானா’ன்னு ஒரே சத்தம். அம்பதுல நாப்பத்தெட்டு ஸ்டேட் பாத்துட்டான். ஹவாயும் நார்த் டகோட்டாவும்தான் கிடைக்கல்ல.”

இருபது நிமிடம் பேசினார். பதினொரு வருடத்தில் இன்டர்வியூவில் ஒருவரை நடுவில் நிறுத்த முடியாமல் போனது எனக்கு அதுதான் முதல் தடவை. முடிந்ததும், இப்படிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்: வேலை நேரம் முழுக்க என்னால் வர முடியும், அவ்வளவுதான் பதில். சரி சரி என்று தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை ஏழாவது கேள்விக்கு, ஆட்ரியன் பிசிக்ஸ் டீச்சரோடு சண்டை போட்ட கதை. அதற்கடுத்த வாரம், மீன் குழம்பு வேண்டும், ஆனால் முள்ளும் வாசனையும் இருக்கக்கூடாது என்று அவன் அடம்பிடித்த கதை. மற்ற பதினொன்றையும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு தாண்டுகிற பெண்மணி, இதில் மட்டும் வேண்டுமென்றே விழுகிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அக்கா, சொல்லிக்கொடுத்த பதிலை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? அங்க யாரும் இதைக் கேக்கவே போறதில்லை!”

“அது தெரியும் மக்ளே,” என்றார். “இங்கயும் வேற யாரு கேக்கா? நீ ஒருத்திதான் கேக்க.”

அவர் அங்கே வந்துகொண்டிருந்தது வேலைக்காக மட்டுமில்லை. இந்த ஊரில் அவர் மகனைப் பற்றி ஒரு ஆள் வாய்விட்டுக் கேட்கும் இடம் அந்த எட்டுக்குப் பத்து அறை ஒன்றுதான். அதுவும் அவன்மேல் அக்கறைப்பட்டுக் கேட்டதல்ல, தாளைப் பார்த்து வாசித்தது.

பதினொரு வருட இடைவெளியைப் பற்றி நிஜ இன்டர்வியூவில் கேட்பார்கள், அது கேட்கக்கூடிய கேள்விதான். அதற்கு நான் எல்லோருக்கும் இங்கிலீஷில் மூன்று வரி கொடுப்பேன். குடும்பத்தில் ஒரு பொறுப்பு இருந்தது. அது தீர்ந்துவிட்டது. இப்போது முழு நேரம் வேலை செய்யத் தயார். அக்கா முதல் வரியைச் சொல்வார், மூன்றாவதைச் சொல்வார். நடு வரி மட்டும் வராது.

“தீர்ந்துட்டுன்னு நான் எப்படிச் சொல்லுகது?”

“அது சும்மா ஒரு வார்த்தை அக்கா. திரும்ப லீவு போட மாட்டோம்னு அவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.”

“உனக்கு வார்த்தை,” என்றார்.

நான்காவது வாரம் ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. ஆறாவது கேள்விக்குப் பிறகு நேராக எட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு வலிக்கக்கூடாது என்றுதான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் தாங்கவில்லை. முடிந்ததும் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டே, “ஒண்ணை விட்டுட்ட,” என்றார். டைம் ஆயிடுச்சு அக்கா என்றேன். சுவரில் இருந்த கடிகாரம் இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு நிஜ இன்டர்வியூ, ரூட் பதினெட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பரிசோதனை லேப். வெள்ளிக்கிழமையே போன் வந்துவிட்டது, வேலை கிடைத்துவிட்டது என்று ஜெபதாஸ் அண்ணன் மெசேஜ் அனுப்பியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை லைப்ரரி முடிந்ததும் அவர் வீட்டில் கொடுக்கலாம் என்று மைசூர்பாகோடு போனேன். அன்றைக்கு மாதிரி இன்டர்வியூவுக்கு வேறு யாரும் வரவில்லை. ஆனாலும் அக்கா எனக்கு முன்பே வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“காங்கிராட்ஸ் அக்கா! வேலைதான் கிடைச்சிடுச்சே, இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? நானே வீட்டுக்கு வந்திருப்பேனே.”

அவர் டப்பாவைத் திறக்கவில்லை.

“இன்டர்வியூ எடுத்தவ நல்ல பொம்பளை, அஞ்சனா. என் வயசு இருக்கும். அவளுக்குப் பின்னால செவுத்துல பிள்ளைகள் வரைஞ்ச படம் ஒட்டியிருந்து. ஒரு பச்சைக் குதிரை. நான் அதையே பாத்துட்டு இருந்துட்டேன். அவளும் அதைக் கண்டுட்டா. என்கிட்ட என்னமோ கேக்க வாயைத் தொறந்தா. கேளு, கேளுன்னு நான் உள்ளுக்குள்ள ஜெபம் பண்ணுகேன். டக்குன்னு மூடிக்கிட்டா.”

அந்தப் பெண்ணுக்கு யாரோ என்னைப் போல ஒருத்தி வகுப்பெடுத்திருக்கிறாள். நன்றாகவே எடுத்திருக்கிறாள்.

“பெறவு அந்தப் பதினொரு வருச கேப் என்னன்னு கேட்டா. நான் சொல்லிட்டேன். மூணு வரியும். நடு வரியையும். திக்கவே இல்ல மக்ளே, என்னமோ சந்தைக் கணக்கு சொல்லுக மாதிரி சொல்லிட்டேன்.” மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். “வெளியே வந்து வண்டில ஏறி இருந்தேன். அவன் வீல்சேர் ஏத்துக வேன்தானே, இன்னும் அதைத்தான் ஓட்டுகேன். பின்னால அவன் சேரைப் பூட்டுக இடம் சும்மா கிடக்கு. திரும்பிப் பாத்து, ‘அம்மா சும்மா சொன்னதுடே’ன்னு சொன்னேன். சத்தமா சொன்னேன். பார்க்கிங் லாட்ல போன ஒருத்தன் நின்னு பாத்துட்டுப் போனான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

“அதனாலதான் வந்தேன். நீ கேளு.”

“என்ன அக்கா கேக்கணும்?”

“போன வாரம் விட்டியே, அது.”

பழக்கத்தில் கை ஃபைலுக்குள் போய்ப் பட்டியலை எடுத்துவிட்டது. அதைத் திரும்ப உள்ளே வைத்தேன். எதிர்ப்பக்கம் போட்டிருந்த என் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா அக்கா?”

“ஒரு மகன்.”

“பேர் என்ன?”

“ஆட்ரியன்.”

அடுத்தது எந்தப் பட்டியலிலும் இல்லாத கேள்வி. இரண்டு வருடத்துக்கு முன்பே, அந்த வாரத்துச் சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கப் போன அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டியது.

“எப்படி அக்கா இருப்பான்? நான் அவனைத் தூரத்துல பாத்ததுதான்.”

அக்கா, “காது அவங்க அப்பா காது,” என்று ஆரம்பித்தார். “ரெண்டும் வெளியே தள்ளிட்டு நிக்கும். முடியை வளத்து மறைப்பான். வெட்டுகேன்னு கத்திரியை எடுத்தா போதும், ‘மாம், டோன்ட் யூ டேர்’ன்னு...” அங்கேதான் குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனார்.

இரண்டு மணி நேரம் முடிந்து, அறையை அடுத்து எடுத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள், கையில் லேப்டாப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் ஒரு நிமிடம் பிசகாமல் அறையைக் காலி செய்துகொடுத்தவள் நான். கதவைப் பாதி திறந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூ இன்னும் முடியவில்லை என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, “ம், அப்புறம்?” என்றேன்.