இல்லை என்று எழுதிய டீச்சர்

ஸ்டெல்லா டீச்சர் காலமான சேதியை, மார்கழிக் கடைசியில் அருள்புரம் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பிய என் மருமகள்தான் கொண்டுவந்தாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல டீச்சரின் மகள் எழுதுகிறாள். அவரோடு குளம் குளமாகப் பறவை எண்ணப் போனவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மண்ணரைப் பக்கத்துக் குளத்தில் நான் பரிசல் போட்டு மீன் பிடித்தவன். எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம், பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிற டீச்சர் தூரக்கண்ணாடியோடு வந்து பரிசலில் ஏறிக்கொண்டார். ஊர் ஊராக நீர்ப்பறவைகளை ஒரே சமயத்தில் எண்ணுகிற வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. சிறகிகள் அவர் கணக்கு, நாமக்கோழிகள் என் கணக்கு. பத்துக்கு ஒரு புளியங்கொட்டையை இந்த மடியிலிருந்து அந்த மடிக்கு மாற்றுவேன். "வறுத்துத் தின்னுபோடாதீங்கண்ணா, கணக்கு போயிரும்" என்பார்.

ஒரு வருடம் மார்பு சிவந்த கொக்கு ஒன்று வந்தது. பறவை எங்கெல்லாம் போகிறது என்று அறிய, ஆராய்ச்சிக்காரர்கள் காலில் வளையம் மாட்டுவார்கள், இறகில் சாயமும் பூசுவார்கள். அப்படி விட்ட கொக்குதான் என்று டீச்சர் நம்பினார், நானும்தான். எந்த ஊர்க் கொக்கு என்று கேட்டுக் கடுதாசி போட்டார். பதில் வருவதற்குள் குளத்துக் கொக்கெல்லாம் வயிறு சிவந்து நின்றன. வாய்க்காலில் சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கியிருந்தது. "வெளியூர்க் கொக்கு இல்லீங்கண்ணா, நம்மூரு பனியன் சாயம்" என்று சிரித்தார். சிரிப்பு அன்றோடு சரி.

பிறகு மீன் செத்தது. பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனேன். பறவைகள் வருவதும் நின்றுபோயிற்று. கோவையிலிருந்து கணக்கெடுப்பை நடத்தியவர்கள் இந்தக் குளத்தை விட்டுவிடலாம் என்றார்கள். விட்டால் இங்கே பறவை இருந்ததே மறந்துபோகும் என்று டீச்சர் விடாமல் வாதாடினார். எனக்கே சலித்துவிட்டது. இல்லாததை எண்ண நான் எதற்கு என்று கேட்டேன்.

"இல்லைன்னு எழுதறதுக்கும் ஒருத்தர் போய்ப் பாத்திருக்கோணுமுங்கண்ணா."

குளம் கணக்கிலேயே இருந்தது. தை தவறாமல் போனோம். நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கரை முழுக்கப் பார்த்த பிறகுதான் எழுதுவார்.

இந்தத் தையில் நான் மட்டும் போனேன். வெயில் ஏறும்வரை நின்றேன். ஒரு கொட்டைகூட மடி மாறவில்லை. நேராக டீச்சர் வீட்டுக்குப் போய், "இல்லைன்னு எழுது கண்ணு" என்று அவர் மகளிடம் சொன்னேன். எழுதினாள்.

கொட்டைகள் என்னிடம்தான் இருக்கின்றன. வறுக்கவில்லை.