சொருகியாச்சு

வெர்னாவின் புருஷன் நெஸ்டர் நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட 'உன்மேல் எனக்கு உசிர்' என்று சொன்னதில்லை. நாளெல்லாம் தானியக் கிடங்கில் கோதுமைத் தூசியைத் தின்றுவிட்டு வருவான், சாப்பிடுவான், கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி வெளியே போவான். அவள் காரின் மூக்கிலிருந்து தொங்கும் ஒயரை இழுத்துச் சுவர் பிளக்கில் சொருகுவான். ராத்திரி முழுக்கச் சூடு ஏறினால்தான் அந்த ஊர்க் குளிரில் காலையில் கார் கிளம்பும். எஞ்சினுக்குள் இருக்கும் ஹீட்டர், கொதிக்கப்போகிற கெட்டில் மாதிரி முனக ஆரம்பித்ததும் உள்ளே வந்து ஒரே வார்த்தை சொல்வான்: "சொருகியாச்சு." அதோடு பூட்ஸைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவான்.

"ஊர்ல ஒவ்வொருத்தனும் பொண்டாட்டிக்குப் பூ வாங்கித் தர்றான். எனக்கு வாய்ச்சது கரண்ட்டுக்காரன்!" என்று தங்கை ஓல்காவிடம் வெர்னா புலம்பாத வருஷமில்லை. ஆனால் கனடாவின் அந்த சஸ்காட்செவன் குளிரில் இருபத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலுக்குப் போனவள், ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. அது யாரால் என்று அப்போது யோசித்தாளா? எங்கே யோசித்தாள்!

விருந்தாளி வந்தாலும் நெஸ்டரிடம் இதே கதைதான். அவர் தொப்பியைக் கழற்றுவதற்குள் அவர் வண்டிக்குச் சொருகியிருப்பான், கேட்கவும் மாட்டான், சொல்லவும் மாட்டான். பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் அப்படித்தான் மாட்டினான். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோயிலிலிருந்து நேரே விருந்துக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்து, விஷயம் தெரியாமல் வண்டியைக் கிளப்பினான். பிளக் பெட்டி சுவரிலிருந்து பெயர்ந்து, ஒயரோடு தரையில் தேய்ந்தபடி கூடவே போனது. அன்றைக்கு நெஸ்டர் வைத்த பெயர் 'வால் ஓரெஸ்ட்'. கோயிலில் சின்னப் பிள்ளைகள்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், பாவம்.

டிசம்பரில் நெஸ்டர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டான். அதற்கப்புறம் வெர்னா காரைத் தொடவே இல்லை, ஓல்காதான் அழைத்துப் போய்வந்தாள். ஆனால் நாற்பதாம் நாள் பூசைக்கு, "பூசையில வைக்கிற ரொட்டியை நானே சுட்டு, நானே ஓட்டிட்டு வருவேன். அந்த மனுஷனுக்கு நான் செய்யற கடைசிக் காரியம், யாரும் குறுக்கே வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். பூசை பத்து மணிக்கு. கோயில் பதினான்கு கிலோமீட்டர்.

அன்று காலை மைனஸ் நாற்பத்தொன்று. பின்னல் ரொட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கும்போதுதான் உறைத்தது. அய்யோ, சொருகவே இல்லையே! அது என்றைக்கும் அவள் வேலையாக இருந்ததில்லையே!

மணி ஒன்பதரை. ரொட்டி இல்லாமல் பூசையா? காரில் உட்கார்ந்து சாவியைப் பிடித்தாள். "நெஸ்டரு, இன்னிக்கு ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்துய்யா."

ஒரே திருப்பு. கார் கிளம்பிவிட்டது!

அழுதுகொண்டே ஓட்டினாள். முற்றத்தைத் தாண்டும்போது ஏதோ 'டமால்' என்றது. ஐஸ் கட்டியாக்கும் என்று விட்டுவிட்டாள்.

கோயில் வாசலில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "அக்கா, உன் வண்டிக்கு வால் முளைச்சிருக்கு!" என்று கத்தினாள் ஓல்கா. காருக்குப் பக்கத்தில் பனியில் நீளமாக ஒயர் கிடந்தது. அதன் நுனியில் பெயர்ந்த பிளக் பெட்டி.

பின்னாலேயே ஓரெஸ்ட் வந்து இறங்கினான், மூச்சு வாங்க. வெர்னாவின் மகனுக்கு அவன் ஞானத்தகப்பன், அந்த உறவில் அவளைக் 'கூமா' என்றுதான் கூப்பிடுவான். "கூமா, நான் போட்ட கூச்சல் காதுல விழல? தெருமுனை வரைக்கும் ஓடி வந்தேனே!"

"நீயா சொருகினே?"

"பின்னே பேயா சொருகுச்சு? ஆஸ்பத்திரியில கடைசியா அவன் கேட்டது அது ஒண்ணுதான். 'அவ மறந்துடுவா, நீ சொருகிடு. அவகிட்ட சொல்லாதே, அழுவா'ன்னான்."

"நாற்பது நாளும்?"

"நான் எண்ணிட்டா இருந்தேன்? குளிர்னா சொருகினேன்." ஓரெஸ்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதை விடு. இனிமே வால் பட்டம் உனக்குத்தான். அவன் இருந்திருந்தா, பிளக்கைப் பிடுங்கினதுக்கு உன்கூட ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டான்."

"இருந்தப்ப மட்டும் பேசிக் கிழிச்சாரா!" வெர்னா சிரித்தாள். நாற்பது நாளில் அதுதான் முதல் சிரிப்பு. சிரித்த வாயோடே ஓல்காவின் தோளில் சாய்ந்து தேம்பினாள். ரொட்டி இன்னும் சூடாகவே இருந்தது.

சாயங்காலம் ஓரெஸ்ட் புது பிளக் வைத்துக் கொடுத்தான். சொருகப் போனவனை, "தள்ளு, இது என் வேலை" என்று விரட்டினாள். தானே சொருகி, எஞ்சின் முனகும்வரை காதைக் கொடுத்து நின்றாள்.

பிறகு உள்ளே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல், அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்:

"சொருகியாச்சு."